பூட்டிய முறைவழியாக்கியும் அதன் வேகமும்

கணிப்பொறி வாங்குவோர் முதலில் வினவுவது அதன் வேகம் எத்துணை என்பதையே. கடைக்காரர் ஓர் எண்ணைக் கூறுவர். புரொசெசர் என வழங்கும் முறைவழியாக்கியின் பெட்டியிலும் அவ்வெண் காணப்படும். கல்லுக்கு எடைபோல இஃது அப்பொருளின் இயற்கைக் குணம் என்றே பலரும் கருதுவர். உண்மை அஃதன்று, அஃது ஆக்கியோர் தரும் ஓர் உறுதிமொழி. ‘இவ்வேகத்தில் இது பிழையின்றிக் கணக்கிடும், அதற்கு யாம் பொறுப்பு’ என்பதே அதன் பொருள். அவ்வுறுதிமொழிக்கும் சில்லின் மெய்யான ஆற்றலுக்கும் இடையே பெரும்பாலும் ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியிற் புகுந்து பயன்கொள்ளும் முயற்சியே ஓவர்குளொக்கிங் எனப்படும் மிகைவேகமூட்டல். அதற்குத் தடையாக ஆக்கியோர் இட்ட கட்டினை நீக்குவது பூட்டவிழ்த்தல்.

இடைவெளி தோன்றுவது எவ்வாறு? முறைவழியாக்கி ஒரு கடிகாரத் துடிப்பினை ஒட்டி நடப்பது. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மின்குறியானது பல திரான்சிற்றர்களைக் கடந்து, சேருமிடம் சேர்ந்து நிலைபெறல் வேண்டும். மீடிறன் 3 கிகாஹேட்ஸ் ஆயின் ஒரு துடிப்பின் காலம் ஒரு செக்கனில் 300 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளிதானும் ஏறத்தாழ 10 சதமமீற்றர் தூரமே செல்லும். மிகத் தாமதமான வழியிற் செல்லும் மின்குறி அடுத்த துடிப்புக்கு முன் வந்து சேராவிடின் தவறான விடை பதிவாகிவிடும். ஆகவே சில்லின் உச்ச வேகத்தை முடிவு செய்வது அதன் மிகத் தாமதமான வழியேயாம்.

ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகளும் ஒன்றுபோல் இரா. ஆக்கியோர் அவற்றைச் சோதித்து, சுளகிலிட்டுப் புடைத்தாற்போலத் தரம் பிரிப்பர். வெப்பம் மிக்க அறையிலும், மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தவிடத்தும், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிழை நேராதிருத்தல் வேண்டுமாதலின் எண்ணைச் சற்றுக் குறைத்தே குறிப்பர். இதனினும் சுவையான காரணம் ஒன்றுண்டு. சந்தையில் மலிவான சரக்குக்கே கேள்வி மிகும்போது, உயர்ந்த தரத்தில் தேறிய சில்லையும் தாழ்ந்த எண்ணிட்டு விற்பர்.

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரோன் 300ஏ இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. முறைவழியாக்கியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம் ஆகும். தாய்ப்பலகை அளிக்கும் அடிப்படைத் துடிப்பு ஒன்று. சில்லினுள் அமைந்த பெருக்கெண் மற்றொன்று. 300ஏ இன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேட்ஸ், பெருக்கெண் 4.5, ஆகவே வேகம் 300. பெருக்கெண்ணை இன்டெல் பூட்டிவிட்டது. ஆயின் அடிப்படைத் துடிப்போ வெளியிலிருந்து வருவது. அவ்வாண்டிலேயே வெளிவந்த 440பிஎக்ஸ் வகைத் தாய்ப்பலகைகள் 100 மெகாஹேட்ஸ் துடிப்பையும் முறைப்படி தந்தன. அதனை மாற்றிய மாத்திரத்தே அம்மலிவான சில்லுகளுட் பல 450 மெகாஹேட்ஸில் ஓடின. அக்காலத்தில் உயர்விலைக்கு விற்ற பென்ரியம் 2 இன் வேகம் அது! ஏனைய அட்டைகள் இதனாற் கெடாமைக்கும் காரணம் உண்டு. அவற்றுக்கு வேண்டியது 33 மெகாஹேட்ஸ். 66 ஐ இரண்டாலும் 100 ஐ மூன்றாலும் வகுத்து அப்பலகை அதனையே கொடுத்தது. இடைப்பட்ட துடிப்புக்களைத் தேர்ந்தவர்களுக்கு இந்நலம் வாய்க்கவில்லை.

பூட்டுத்தான் எதற்கு? 1990 களில் வணிகர் சிலர் குறைந்த வேகச் சில்லுகளை வாங்கி, எண்ணை அழித்து, பெரிய எண்ணைப் பொறித்து விற்றனர். வாங்கியோர் ஏமாந்தனர், பழியோ ஆக்கியோர்மேல் வந்தது. பெருக்கெண்ணைப் பூட்டியமைக்கு இது நேர்மையான ஒரு காரணம். விலைக்கேற்ற படிநிலைகளைக் காத்துக்கொள்ளும் விருப்பமும் உடனிருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

ஏ.எம்.டி. நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் விற்ற டியூரோன், அத்லோன் ஆகியவற்றிலும் பூட்டு உண்டு. எனினும் அது கண்ணுக்குப் புலப்படும் பூட்டு. சில்லின் மேற்புறத்தில் ‘எல்1’ எனக் குறித்த சிறு பாலங்கள் வரிசையாக இருந்தன. அவை துண்டிக்கப்பட்டிருப்பின் பெருக்கெண் பூட்டியதாகும். துண்டித்த இடத்தைச் சாதாரண எழுதுபென்சிலாற் கோடிட்டு இணைத்தால், பென்சிற் கரி மின்னைக் கடத்துமாதலின், பூட்டு அவிழ்ந்தது. ஐந்து சதப் பென்சில் பல்லாயிரம் ரூபாய்ப் பூட்டைத் திறந்த கதை விஞ்ஞான வரலாற்றில் அரிது. 2001 இல் வந்த அத்லோன் எக்ஸ்பியில் இவ்விடங்கள் லேசர் ஒளியாற் குழியாக வெட்டப்பட்டன. குழியை மின்கடத்தாப் பசையால் நிரப்பி, அதன்மேல் மின்கடத்தும் மை பூச வேண்டியதாயிற்று, பென்சில் போதவில்லை.

2009 இல் வந்த பினொம் 2 வரிசையிற் பூட்டின் தன்மையே வேறு. அச்சில்லிற் கோர் எனப்படும் கணிக்கும் கருக்கள் நான்கு. ஒரு கரு பழுதாயின் அதனை அணைத்து மூன்று கருவுடையதாகவும், இரண்டை அணைத்து இரண்டு கருவுடையதாகவும் விற்றனர். மூன்று கரு கொண்ட 720 உம் இரண்டு கரு கொண்ட 550 உம் இவ்வாறு வந்தவை. வேகமூட்டலுக்கு உதவவெனச் சில தாய்ப்பலகைகளில் அமைத்திருந்த ஒரு தெரிவை இயக்கியபோது, அணைத்த கருக்கள் விழித்துக்கொள்வதைப் பயன்படுத்துவோர் கண்டனர். இரண்டுக்கு விலை கொடுத்தவர் நான்கு பெற்றனர். ஆனால் எல்லோருமல்லர். சந்தைக்காக அணைத்த நல்ல கருவும், பழுதுக்காக அணைத்த கெட்ட கருவும் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒன்றே.

இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. முற்றும் பழுதான கரு கணிப்பொறியை எழவே விடாது. அதனாற் கேடில்லை, தெரிவை மாற்றிவிடலாம். அரைகுறைப் பழுதுடைய கருவோ நாட்கணக்கில் நன்றாக உழைத்து, இலட்சத்தில் ஒரு பெருக்கலைத் தவறாகச் செய்து, யாதும் நடவாததுபோல் இருந்துவிடும். மிகைவேகமூட்டிய சில்லும் அத்தகையதே. கணிப்பொறி நின்றுபோனாற் பிழை தெரியும். நில்லாது பிழைத்தால் எவ்வாறு தெரியும்? விளையாட்டுப் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறுவது பொருட்டன்று. மாணவர் ஒருவரின் ஆய்வு அளவீடுகளோ, ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகமோ அவ்வாறு கெடுமாயின் அது பெருங்கேடு.

இதனைச் சோதிக்க வல்ல கருவியாகப் பலராலும் கொள்ளப்படுவது பிரைம்95 என்னும் நிரல். 1996 இல் ஜோர்ஜ் வோல்ற்மன் தொடங்கிய மேர்சென் முதன்மை எண் தேடலுக்காக எழுதப்பட்டது அது. விடை முன்னரே அறிந்த பெருங்கணக்குக்களைச் சில்லைக்கொண்டு செய்வித்து, கிடைத்த விடையை அறிந்த விடையோடு ஒப்பிடும். ஓரிலக்கம் வேறுபடினும் அவ்வேகம் ஏற்கத்தகாதது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மனநிறைவு கொள்வது வீண். ஓர் இரவு முழுவதேனும் ஓடுதல் நன்று.

வேகத்தை உயர்த்தியபின் பிழை தோன்றினால் மின்னழுத்தத்தைக் கூட்டுவது வழக்கம். திரான்சிற்றர்கள் அதனால் விரைந்து மாறும். ஆனால் அதற்குரிய விலை பெரிது. இயக்கத்தாற் செலவாகும் வலு மீடிறனுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். மீடிறனை 3.0 இலிருந்து 3.6 ஆகவும், மின்னழுத்தத்தை 1.30 இலிருந்து 1.40 வோல்ற்றாகவும் உயர்த்தினால், வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வெப்பமோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூடும். மிகையான வெப்பமும் மின்னோட்டமும் நுண்கம்பிகளின் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்த்துச் சில்லின் ஆயுளைக் குறைக்கும். பழைய அத்லோன் சில்லுகளிற் குளிர்விக்கும் தகடு கழன்றால் ஒருசில செக்கனில் அவை கருகிப்போயின. ஆகவே பழைய பொறியில் இம்முயற்சி செய்வோர் முதலில் விசிறியின் தூசியைத் துடைத்து, காய்ந்த வெப்பப் பசையை மாற்றி, அதன்பின் வேகத்தைச் சிறு படிகளாகவே ஏற்றுதல் வேண்டும்.

2017 முதல் வந்த ரைசன் வரிசையிற் பெரும்பாலானவை பெருக்கெண் பூட்டப்படாமலே விற்கப்பட்டன. இக்காலச் சில்லுகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து தம் வேகத்தைத் தாமே ஏற்றிக்கொள்வதனால், பயன்படுத்துவோர் புகுதற்கு எஞ்சிய இடம் சிறிது.

விலை கொடுத்து வாங்கிய சில்லிற் பூட்டியிருக்கும் பகுதி யாருடையது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. வாங்கியோருக்கே உரியது என்பது எம் கருத்து. பிறருக்கு விற்கும்போது மறையாது கூறும் கடமையும் அவர்க்குண்டு. 2010 இல் இன்டெல் வேறு வகையாக எண்ணிற்று. பென்ரியம் ஜி6951 என்னும் சில்லின் நினைவகத்தில் ஒரு பகுதியையும் வேறொரு வசதியையும் பூட்டி வைத்து, அவற்றைத் திறக்கும் குறியீட்டெண்ணை 50 டொலருக்குத் தனிச்சீட்டாக விற்றது. வாங்கியோர் இதனை விரும்பவில்லை. 2011 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.