தரை மாறினால் ஆட்டமும் மாறும்

1987 ஆம் ஆண்டு அக்டோபரில் சிட்னி நகரின் புல்தரையில் இந்திய டென்னிஸ் அணி ஆஸ்திரேலியாவை 3-2 என்ற கணக்கில் வென்று, டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றை எட்டியது. வெற்றியை உறுதிசெய்த கடைசி ஆட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த ரமேஷ் கிருஷ்ணன். டிசம்பரில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், உள்ளரங்கக் களிமண் தரையில், அதே இந்திய அணி 0-5 எனத் தோற்றது. எதிரணி வலியது என்பது உண்மையே. ஆயினும், காலடியில் இருந்த தரை மாறியதையும் நாம் மறந்துவிடலாகாது.

புல்தரையில் உராய்வு குறைவு. பந்து வழுக்கிக்கொண்டு, தாழ்வாகவும் விரைவாகவும் வரும். களிமண் தரையில் உராய்வு மிகுதி. பந்தின் வேகம் தணிந்து, உயர்ந்து எழும். ஒரு புள்ளியைப் பெறுவதற்கே நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். கடினத் தரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்குப் பந்து ஒரே சீராக எழும்பும்.

பந்தைப் போலவே காலும் தரைக்குக் கட்டுப்பட்டது. களிமண்ணில் ஆட்டக்காரர் சறுக்கியபடியே மெல்ல நிற்கலாம். கடினத் தரையிலோ கால் சட்டென்று நின்றுவிடுகிறது; அந்த அதிர்வைக் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் தாங்குகின்றன. களிமண்ணிலும் இடர் இல்லாமல் இல்லை: பழகாதவர் சறுக்கினால் தொடையின் உட்புறத் தசை பிடித்துக்கொள்ளும். ஈரப் புல்லில் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்களும் ஒரு தரையிலிருந்து மற்றொரு தரைக்கு மாறும்போது, பயிற்சிக்கென நாள்கள் ஒதுக்குகிறார்கள், காலணியையும் மாற்றுகிறார்கள்.

நம் கொங்கு மண்ணின் உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. செம்மண் காட்டில் நடக்கும் நடை வேறு. மழை பெய்து ஓய்ந்த கரிசல் காட்டில் எடுத்துவைக்கும் அடி வேறு. மண்ணைப் பார்த்தே அவர்கள் காலை ஊன்றுகிறார்கள்.

"மூட்டுவலி தணிந்துவிட்டது, மீண்டும் ஆடலாமா?" என்று கேட்போர் பலர். எப்போது ஆடலாம் என்பதோடு, எந்தத் தரையில் ஆடப்போகிறோம் என்பதையும் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் சொல்லுங்கள். தொடக்கத்தில் குறைந்த நேரம் ஆடுங்கள். அத்தரைக்கு ஏற்ற அடிப்பாகமுள்ள காலணியை அணியுங்கள். மறுநாள் வலியோ வீக்கமோ தோன்றினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஆலோசனை பெறுங்கள்.

டென்னிஸ் மட்டையையே தொட்டறியாதவர்க்கும் இது பொருந்தும். மருத்துவமனையின் சமதளத்தில் கைப்பிடியைப் பற்றி நன்கு நடந்தவர், வீட்டின் வழுவழுப்பான ஓட்டுத் தரையில் தடுமாறலாம். குளியலறையின் ஈரம், வாசற்படியின் உயரம், தெருவின் மேடுபள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் காலுக்குப் புதிய களமே. நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே, உடனிருந்து கவனிப்போர் அந்தத் தரைகளை ஒருமுறை பார்த்துவைக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்து, மடங்கிக் கிடக்கும் மிதியடிகளை அகற்றி, பிடிமானத்திற்கு வழிசெய்தல் நலம். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை நடையை மீண்டும் தொடங்குவோரும், முதல் நாளிலேயே பழைய தொலைவை எட்ட முயல வேண்டா.

தரை மாறும்போது தடுமாற்றம் நேர்வது இயல்பு. அதனைத் தோல்வியாக எண்ணி மனம் தளராமல், உடல் பழகுவதற்குச் சில நாள்கள் கொடுப்போம்.