மழலை, கொச்சை, சிரிப்பு: ஷிஃப்டு வீடுகளின் குழந்தைப் பேச்சு

1

பகல் 11 மணி. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில், பக்கத்து வீட்டுக் கதவை சிலிண்டர் போடுகிறவர் தட்டுகிறார். மூன்றரை வயசுப் பெண் எட்டிப் பார்த்து, வாயில் விரலை வைத்துச் சொல்கிறாள்: 'சத்தம் போடாத. அப்பாவுக்கு இப்ப ராத்திரி.'

வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தோம். சிலிண்டர்க்காரரும் சிரித்தார். சாயங்காலம் அந்தப் பேச்சு லைன் முழுக்கப் பரவிவிட்டது. 'அப்பாவுக்கு ராத்திரியாமே' என்று அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தமாஷாக எதையும் சொல்லவில்லை, ஒரு தகவலைச் சொன்னாள். அந்தத் தகவல் சரியானதும்கூட. ராத்திரி என்பது சூரியன் போனதால் வருவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டி, 'உஷ்' என்று சொல்லப்படுகிற நேரம்தான் அவள் வீட்டில் ராத்திரி. அது மாதத்தில் சில வாரங்கள் பகலில் வருகிறது. அந்த வாரங்களில் வீட்டுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பொழுதுகள் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்றாக. சுழல் ஷிஃப்டு ஒரு குடும்பத்தின் காலத்தை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக நம் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் எதிலும் நான் படித்ததில்லை.

ஒரு தகவலைக் கேட்டு நாம் ஏன் சிரித்தோம்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

2

முதலில் குழந்தை பேசுவது 'தப்பு' என்ற எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுச் சின்னவள் இரண்டு வயதில் ககரத்தைத் தகரமாகச் சொல்வாள். நாக்கின் பின்பக்கத்தை உயர்த்தி அண்ணத்தில் ஒட்டச் செய்கிற ஒலியை, நுனி நாக்கால் பல்லைத் தொட்டு முடித்துவிடுவது. பல மொழிகளில் குழந்தைகள் செய்கிற காரியம்தான் இது. இதன்படி 'காக்கா' அவள் வாயில் 'தாத்தா' ஆகிவிடும். ஓர் அமாவாசையன்று மதில்மேல் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள் என் அம்மா. காக்கை வந்து உட்கார்ந்தது. 'தாத்தா! தாத்தா!' என்று கத்தினாள் குழந்தை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை, கும்பிட்டார்கள். ஒரே ஒலிவிதி ஒருவருக்கு வேடிக்கை, இன்னொருவருக்கு அருள்வாக்கு. குழந்தைச் சொல்லின் பொருள் குழந்தையிடம் மட்டும் இல்லை, கேட்கிறவரிடமும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது இலக்கணம். கம்பெனி பஸ் கிளம்பினால் 'பஸ்சு போச்சு' என்பாள். திரும்பி வந்தால் 'பஸ்சு வாச்சு.' எங்கள் வீட்டில் யாரும் 'வாச்சு' என்று சொல்வதில்லை. யாரிடமிருந்தும் அவள் இதைக் காப்பியடித்திருக்க முடியாது. 'போ' என்றால் 'போச்சு', 'ஆ' என்றால் 'ஆச்சு', அப்படியானால் 'வா' என்றால் 'வாச்சு'தானே? விதியைக் கண்டுபிடித்தவள் அவள், விதிவிலக்கை வைத்திருப்பது நம் மொழி. என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, 'ஆமாண்டி, நமக்கு வாச்சது அந்த பஸ்சுதான்' என்றார்கள்.

1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். உலகத்தில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு 'வக்' என்று இல்லாத ஒரு பெயரைச் சொல்லி, இப்படி இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று குழந்தைகளிடம் கேட்டார். முன்பின் கேட்டிராத அந்தச் சொல்லுக்கு அவர்கள் சரியாகப் பன்மை விகுதி சேர்த்தார்கள். மொழி என்பது வெறும் போலச்செய்தல் அல்ல, குழந்தை விதிகளைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதற்கு அது முக்கியமான ஆதாரமாயிற்று. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1928இல், ருஷ்யக் குழந்தை எழுத்தாளர் கொர்னேய் சுகோவ்ஸ்கி குழந்தைகளின் சொற்களைத் திரட்டிப் புத்தகமாக்கியிருந்தார். பின்னால் 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற பெயரில் அது பல பதிப்புகள் கண்டது. அந்த வயதில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு மொழி மேதை, பிறகு அந்த மேதைமை மங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. தானே மங்குகிறதா, நாம் மங்க வைக்கிறோமா என்பதுதான் நம் கேள்வி.

சொற்பொருளிலும் இதே கதை. 'உங்கப்பா எங்க வேலை பாக்கறாரு?' என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண் 'பஸ்சுல' என்பாள். அவள் கண்ணால் கண்டது அவ்வளவுதான்: அப்பா பஸ்சில் ஏறுகிறார், பஸ்சிலிருந்து இறங்குகிறார். வேலை என்பது நடுவிலே காணாமல் போகிற எட்டு மணி நேரம். எங்கள் லைனில் கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் அம்மாவிடம் கேட்டான்: 'அவங்க வூட்ல மட்டும் தமிழ் ஏன் வேற மாதிரி கீது?' உலகத்தில் இருப்பது ஒரே பேச்சு, வீட்டுக்கு வீடு அது கொஞ்சம் மாறும், அவ்வளவுதான் அவன் கணக்கு. 'வடக்கன்' என்ற வசைச்சொல் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சேர்ந்த பிறகு இந்தக் கேள்வியை அவன் கேட்கமாட்டான்.

3

பெரியவர்கள் சிரிப்பதற்கு ஃப்ராய்ட் ஒரு விளக்கம் சொன்னார். நகைத்துணுக்குகளைப் பற்றி 1905இல் எழுதிய நூலில் 'வெகுளித்தனம்' என்பதை அவர் தனியாக எடுத்துப் பேசுகிறார். நாம் பெருமுயற்சி செய்து உள்ளே அமுக்கி வைத்திருக்கும் ஒன்றைக் குழந்தை எந்த முயற்சியும் இல்லாமல் போட்டு உடைக்கிறது. ஏனென்றால் அதற்கு அங்கே தடையே இல்லை. அதைக் கேட்கும்போது, நம் தடைக்குச் செலவாகிற சக்தி ஒரு கணம் மிச்சமாகிறது. மிச்சமானது சிரிப்பாக வெளியேறுகிறது.

இதை அப்படியே நம் வாசலுக்குக் கொண்டு வாருங்கள். பகல் 11 மணிக்கு ஒரு மனுஷன் இருட்டில் படுத்துக் கிடப்பது இயல்பானதல்ல என்பது எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அதை 'வேலைன்னா அப்படித்தான்' என்று அமுக்கி வைத்திருக்கிறோம். குழந்தை அதைத் திறந்துவிட்டது. சிரித்தோம். சிரித்த உடனே மூடியும் விட்டோம். ஃப்ராய்ட் சொல்லாத பகுதி இது: சிரிப்பு திறக்கிறது மட்டுமல்ல, மூடவும் செய்கிறது. 'என்ன அழகா பேசுது' என்று சொன்ன மறுகணமே, அது என்ன பேசியது என்ற கேள்வி போய்விடுகிறது.

4

'மழலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குழலையும் யாழையும் இனிது என்பவர்கள் தம் பிள்ளைகளின் மழலையைக் கேளாதவர்கள் என்கிறது 66ஆம் குறள். எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் புறநானூற்றின் 92ஆம் பாட்டு இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியது. புதல்வரின் மழலை யாழோடு ஒத்து வராது, தாளக் காலத்தோடு கூடாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அதன்மேல் அருள் சுரக்கிறது. என் வாய்ச்சொல்லும் உன்னிடத்தில் அப்படிப்பட்டதே என்கிறார் ஔவை.

இது பணிவுதானே என்று கடந்துவிடலாம். கடக்கக் கூடாது என்பது என் கட்சி. பகைவர்களின் கோட்டைகளை வென்ற ஒரு தலைவன், அவன் முன்னால் பரிசிலுக்கு நிற்கும் ஒரு பெண் புலவர். தன் சொல்லுக்கு மதிப்பு அதன் பொருளால் அல்ல, கேட்பவனின் அருளால் வருகிறது என்று அவர் சொல்லிவிடுகிறார். 'மழலை' என்பது பேச்சின் குணமல்ல, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் உள்ள உறவின் பெயர். குறள் அதை இனிமை என்கிறது, ஔவை அதன் அதிகாரக் கணக்கைக் காட்டிவிடுகிறார்.

பிள்ளைத்தமிழையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று 10 பருவங்கள். தாய் பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், நிலவைக்கூட அழைத்துப் பேசுகிறார்கள். குழந்தை பேசுவதில்லை. குழந்தையைப் பற்றி இவ்வளவு பேசிய இலக்கியம் அதன் பேச்சுக்கு இடம் விடவில்லை.

சரி, இதே மழலைக்கு ஐந்து வயது ஆகட்டும். 'அப்பா தூங்கிக்கினு கீறாரு' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லட்டும். 'கீறாரு' எங்கள் பக்கத்துப் பேச்சு, தாத்தன் பாட்டன் பேசியது. அதற்கும் சிரிப்புதான் கிடைக்கும், ஆனால் அது வேறு சிரிப்பு. கூடவே ஒரு குட்டு. 'வாச்சு' என்றபோது முத்தம், 'கீது' என்றபோது குட்டு. இரண்டுமே 'சரியான தமிழ்' என்று சொல்லப்படுகிற ஒன்றிலிருந்து விலகியவைதான். ஒன்றுக்கு மழலை என்று பெயர், இன்னொன்றுக்குக் கொச்சை என்று பெயர். முதலாவது தானாகத் தேய்ந்துவிடும், யாருக்கும் ஆபத்தில்லை, எனவே கொஞ்சலாம். இரண்டாவது ஒரு ஊரின், ஒரு சாதியின், ஒரு வர்க்கத்தின் பேச்சு. தேயாது. எனவே திருத்த வேண்டும்!

5

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய இடம் 'வா'வும் 'வாங்க'வும்.

மூன்று வயதுக் குழந்தை எல்லோரையும் 'வா, போ' என்றுதான் கூப்பிடும். அதன் இலக்கணத்தில் எல்லோரும் ஒன்று. சொந்தக்காரப் பெரியவர் வந்து, குழந்தை 'வா' என்றால், 'வாங்கன்னு சொல்லணும்' என்று உடனே திருத்துகிறோம். குப்பை எடுக்க வருகிற, அதே வயதுப் பெரியவரைக் குழந்தை 'ஏய், வா' என்று கூப்பிட்டால்? சிரிக்கிறோம். 'பாரு, எப்படி வேலை வாங்குது!' அந்தப் பெரியவரும் சிரிக்கிறார், வேறென்ன செய்வார்? திருத்திய இடமும் சிரித்த இடமும் சேர்ந்துதான் குழந்தைக்குப் பாடம். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. யாருக்கு 'ங்க' உண்டு, யாருக்கு இல்லை என்ற அட்டவணை ஏறிவிட்டது. 'வாச்சு' என்ற விதியைத் தானே கண்டுபிடித்த மூளைக்கு இந்த விதியைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

இதை நான் அடுத்த வீட்டில் பார்த்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

6

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை 37 நாள் நீடித்தது. சங்க அங்கீகாரம் முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. பெயர் வைப்பது யார் உரிமை என்பதே வழக்காயிற்று. 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடுதான் சங்கம் பதிவானது.

அந்த நாட்களில் ஊரெங்கும் இதே பேச்சு. எதிர்வீட்டுப் பையன் அப்பாவிடம் கேட்டான்: 'சங்கம்னா பெரிய சங்கா?' (அவன் அப்பா வேறொரு உதிரிபாகக் கம்பெனியில் இருப்பவர்.) ஆலைச் சங்கு ஊதி ஆட்களை உள்ளே அழைத்த காலம் ஒன்று இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதே வாரம் தட்டைத் தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, 'நான் ஸ்டிரைக்கு. கார்ட்டூன் போட்டாத்தான் சாப்பிடுவேன்' என்றான். அவன் அம்மா சிரித்து மாளவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் சொன்னார்: 'எங்க பேச்சையும் இப்படித்தான் சிரிச்சிக்கினே கேக்கறானுங்க.'

ஔவையின் பாட்டு இங்கே திரும்பி வருகிறது. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று நிர்வாகங்கள் பேசுகிற மொழியில், தந்தை யார், பிள்ளை யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. கோரிக்கை அடம் ஆகிவிடுகிறது, கொடுப்பது அருள் ஆகிவிடுகிறது. உரிமை என்ற சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் இடமில்லை.

நிஜக் குழந்தைகளுக்கோ இந்தத் தொழில்வழிச் சாலையில் இடம் இன்னும் குறைவு. மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் பிரிவு வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தது என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் ஒரு புலனாய்வை வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கட்டில் கணக்கில் கட்டப்பட்டது, குடும்பக் கணக்கில் அல்ல. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். மழலையைக் கேட்பதற்குக்கூட நேரமும் இடமும் வேண்டும். குறள் சொல்லும் அந்த இன்பம் ஷிஃப்டு அட்டவணைக்கு உட்பட்டது.

7

அப்படியானால் சிரிக்கவே கூடாதா? அப்படிச் சொன்னால் என் வீட்டிலேயே அடி விழும். 'வாச்சு' என்பதைக் கேட்டுச் சிரிக்காதவன் மனுஷனா?

நான் கேட்பது சின்ன விஷயம். எழுதுகிறவர்களும் இயக்கத் தோழர்களும் வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். குழந்தை சொன்னதை அது சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள், திருத்தாமல், அழகுபடுத்தாமல். தேதி போடுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம்: யார் சிரித்தார்கள், யார் திருத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அது குழந்தையின் மொழி வளர்ச்சிக் குறிப்பாக மட்டும் இருக்காது, நம் வீடு எந்த இலக்கணத்தில் நடக்கிறது என்பதன் குறிப்பாகவும் இருக்கும். என் நோட்டில் இரண்டாவது கட்டத்தில் என் பெயர் நான் நினைத்ததைவிட அதிகமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது நாலு வயசு முடிந்துவிட்டது. போன வாரம் பகலில் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. 'அப்பாவுக்கு ராத்திரியா?' என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'நைட் ஷிஃப்டு முடிச்சி தூங்கறாரு' என்றாள். சரியான பதில். யாரோ திருத்தியிருக்கிறார்கள்.