இரண்டு விரல் அகல வாசல்

வங்கக் கடலில் சூரியன் எழுந்து அரசலாற்று நீரில் ஒளி பரவும் நேரம். காரைக்கால் தெருக்களில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிந்திருக்கிறது. கோலத்தின் ஓரம் தத்தித் தத்தி வந்து, மாவுத் துகளைக் கொத்தி, தலை சாய்த்து நம்மைப் பார்க்கிறது ஒரு சிட்டுக்குருவி. முப்பது கிராம் எடைகூட இருக்காது. அந்தச் சிற்றுடலுக்குள் ஓயாத ஓர் இதயம், ஊரை எழுப்பும் ஒரு குரல், குஞ்சுக்காகத் தவிக்கும் ஒரு தாய்மை. நாமோ பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம்.

தூக்கணாங்குருவி ஓலையைத் தானே கிழித்துத் தொங்கும் மாளிகை பின்னிக்கொள்ளும். மரங்கொத்திக்கு அலகே உளி. சிட்டுக்குருவிக்கு இவ்விரு வித்தையும் அருளப்படவில்லை. அதற்கு ஓர் இடுக்கு வேண்டும். படைப்பு அதைக் குறையாக விட்டுவிடவில்லை. மனிதன் பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு குருவியை நமக்கு அண்டை வீட்டாராக்கியது. நம் வயல் அதற்குச் சோறு, நம் கூரை அதற்கு நிழல். முற்றம் வைத்த நாட்டு ஓட்டு வீடுகளில் உத்திரத்தின் சந்திலும் சாய்த்து மாட்டிய சாமி படத்தின் பின்னும் கேளாமலே இடம் கிடைத்தது. குருவி கொத்தித் தின்னப் புது நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டவர்கள் நம் டெல்டாவின் முன்னோர். இன்றைய தளம் போட்ட வீட்டில் இடுக்கு ஏது? தோட்டத்தில் ஒரு கூட்டுப்பெட்டி வைக்கும்போது, பறித்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம்.

பெட்டியைத் தேர்வதிலும் ஒரு பணிவு வேண்டும். நம் கண்ணுக்கு அழகானதைவிடக் குருவியின் உடலுக்குப் பொருந்துவதே பெரிது. வாசல் 32 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரண்டு விரல் அகலம். அது கூடினால் மைனா குடியேறிவிடும். அடிப்பலகை 12 முதல் 15 சென்டிமீட்டர் சதுரம். அடிப்பலகையிலிருந்து வாசல் அதே அளவு உயரத்தில் இருந்தால் குஞ்சு தவறி விழாது. அடியில் நீர் வடியச் சிறு துளைகள், மேலே காற்றுப் போகச் சில. வாசலுக்குக் கீழே குச்சி வேண்டாம். குருவிக்கு அது தேவையே இல்லை, காக்கைக்குத்தான் அது படிக்கட்டு. சாயம் பூசாத மரப்பலகை உத்தமம். துளையிட்ட மண்கலயமும் குளிர்ச்சி தரும். தகரம் சித்திரை வெயிலில் அடுப்பாகும், அட்டைப்பெட்டி ஐப்பசி மழையில் கரையும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் ஊர் நம்முடையது. துருப்பிடிக்காத கம்பியால் கட்டுவோம். தாழ்வார நிழலில், எட்டுப் பத்தடி உயரத்தில், மாலை வெயிலும் வாடைக்காற்றின் சாரலும் நேரே அடிக்காத பக்கம் பார்த்து, ஆடாமல் அமையட்டும். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறிய 2018 நவம்பரைக் கண்ட நமக்கு, உறுதியான கட்டின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி விலகி நின்று பார்ப்போம். வைக்கோல், தேங்காய் நார், உதிர்ந்த இறகு என ஒவ்வொன்றாய் அந்தச் சிறு வாசலுக்குள் போகின்றன. சில குருவிகள் கூட்டில் வேப்பிலை கொண்டுவந்து வைப்பதைக் கல்கத்தாவில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த வைத்தியன் சொல்லிக்கொடுத்தான்? மூன்று முதல் ஐந்து முட்டைகள். பன்னிரண்டு நாள் அளவில் ஓடு உடைகிறது. கண் திறவாத, இறகில்லாத, இரண்டு கிராம் உயிர் இரண்டே வாரத்தில் பத்து மடங்கு வளர்ந்து வானம் ஏறுகிறது. தானியம் தின்னும் பெற்றோர், பிள்ளைக்கு மட்டும் மென்மையான புழு தேடி அலைகின்றன. குஞ்சின் எச்சம் ஒரு மெல்லிய சவ்வுப் பையில் கட்டி வருகிறது. அதை அலகில் எடுத்துத் தொலைவில் போட்டுவிட்டு வருகிறது தாய். துளி அழுக்கும் தங்காத அந்தத் தொட்டிலை வகுத்தவன் அறிவை என்னென்பது!

நம் பங்கு மிகச் சிறியது. முட்டையோ குஞ்சோ இருக்கும்போது பெட்டியைத் திறக்கக் கூடாது. குஞ்சுகள் பறந்து, அடுத்த முட்டை இடப்படவில்லை என்று உறுதியான பின், கையுறை அணிந்து பழைய கூட்டை அகற்ற வேண்டும். இல்லையேல் உண்ணிகள் அடுத்த தலைமுறையைக் கடிக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும், மருந்து வேண்டாம். செடிக்கும் நஞ்சு தெளிக்காமல் இருப்போம். நமக்குப் பூச்சி, குஞ்சுக்கு அது பால். தினமும் மாற்றிய தண்ணீர் ஒரு மண்சட்டியில் இருக்கட்டும்.

ஆனிப் பௌர்ணமியில் இவ்வூர் மாங்கனிகளை வாரி இறைக்கிறது. கறியமுது ஆகாத வேளையில் பசித்து வந்த அடியாருக்குக் கணவன் அனுப்பிய கனியை எடுத்து இலையில் வைத்த காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. வாசலுக்கு வந்த உயிரை வெறுங்கையோடு அனுப்பாத மண்ணில், இரண்டு விரல் இடம் பெரிய காரியமா?

மாட்டிய மறுநாளே குருவி வராது. ஒரு பருவம் முழுதும் பெட்டி வெறுமையாகவே கிடக்கலாம். காத்திருப்பதும் விருந்தோம்பலே. ஒரு காலை, கோலம் போட்டு நிமிரும்போது, அந்த வாசலில் ஒற்றை வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும்.