கபடி ரைடரின் வேகத்தை மதிப்பிடுதல்

புரோ கபடி லீக்கிற்குப் புதிதாக வரும் ரைடரிடம் முதலில் கண்ணில் படுவது வேகம். ஆனால் வேகம் மட்டுமே புள்ளி தராது. ஆடவர் ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர்; ரைடர் ஏறிச் செல்வது அதில் பாதிக்குள்தான். கிடைக்கும் நேரம் 30 நொடி. எனவே நேர் ஓட்டத்தைவிட, நின்ற இடத்திலிருந்து பாய்வதும் சட்டெனத் திரும்புவதும் முக்கியம்.

ஓர் அணியின் இரண்டு ரெய்டுகள் தொடர்ந்து புள்ளியின்றி முடிந்தால், மூன்றாவதில் செல்பவர் புள்ளி எடுத்தாக வேண்டும், தவறினால் ஆட்டமிழப்பார். நிதானம் அங்கே தெரியும்.

2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். ரெய்டுப் பொறுப்பை ஏற்றவர் அறிமுக வீரர் நரேந்தர். அணி முதன்முறையாக அரையிறுதிக்கு முன்னேறியது. ஏலத்தொகை முந்தைய ஆட்டங்களின் மதிப்பு. புதியவரின் மதிப்பு களமிறங்கிய பின்னரே தெரியவரும்.