மெக்கானிக் வந்ததும் மறையும் கோளாறு

ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் செல்ஃப் எடுக்கிறது. மறுநாள் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. நாலைந்து தடவை திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே முதல் திருப்பிலேயே எடுத்துவிடும். ஜாப் கார்டில் ‘சோதித்தோம், கோளாறு இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். சிறிய டீசல் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அலைச்சல் இது. இப்படி வந்து போகும் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும், அதற்கு உத்தரவாதத்திலோ சட்டத்திலோ பரிகாரம் பெறுவதற்கும் தேவைப்படுவது ஒரே பொருள்தான்: டிராக்டர் எடுக்க மறுத்த அந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்ற பதிவு. அந்தப் பதிவு இல்லாததால்தான் நல்ல மெக்கானிக்கும் தோற்கிறார், நியாயமுள்ள உரிமையாளரும் தோற்கிறார்.

காக்களூரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இங்கே சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளும் நெல்வயல்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. வடக்கே கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கமும் இதே கதைதான். ஒருபுறம் ஆலை, மறுபுறம் நவரையும் சொர்ணவாரியும் சம்பாவும். ஒரே வகை டிராக்டரை விவசாயி உழவுக்கு வாங்குகிறார், பட்டறைக்காரர் வளாகத்துக்குள் சரக்கு இழுக்க வாங்குகிறார். இருவருக்கும் கோளாறு ஒன்றுதான். ஆனால் சட்டம் இருவரையும் ஒரே வாசலில் நிறுத்துவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், முதலில் இயந்திரம்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்தான் முதல் பிழை தொடங்குகிறது. சாவியைத் திருப்பியும் எந்தச் சத்தமும் இல்லையென்றால் சந்தேகம் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கிளட்ச் பெடலிலும் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) லிவரிலும் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகியவற்றின் மேல் போக வேண்டும். ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைவு. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) வேலை செய்யப் பார்க்கிறது, ஆனால் வேண்டிய அளவு கரண்ட் வந்து சேரவில்லை அல்லது செல்ஃப் மோட்டாரின் உள்தகடு தேய்ந்திருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி, செல்ஃப் மோட்டார் பக்கம் கையே வைக்க வேண்டாம். டீசல் லைனில் காற்று புகுந்ததா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டீசலை நிறுத்தும் சாலினாய்டு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கும் நான்கு வேறு நோய்கள். நான்குக்கும் சேர்த்து ‘ஸ்டார்ட்டிங் ட்ரபிள்’ என்று ஜாப் கார்டில் எழுதினால், வைத்தியரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதற்குச் சமம்.

வந்து போவதற்கு என்ன காரணம் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி டெர்மினலிலோ எர்த் ஒயர் எஞ்சினில் முடுக்கிய இடத்திலோ துருவோ பெயிண்டோ சேர்ந்து, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மட்டுமே தடை உண்டாகியிருந்தாலும், 200ஐ 0.01 ஆல் பெருக்கினால் 2 வோல்ட் அந்த ஒரு இணைப்பிலேயே காணாமல் போகிறது. 12 வோல்ட் வண்டியில் இது பெரிய இழப்பு. அதே இணைப்பு ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் போதுமானதாக இருக்கும். ஆகவே ‘லைட் நல்லா எரியுது, பேட்டரிப் பக்கம் பிரச்சினை இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதிர்விலும் சூட்டிலும் ஈரத்திலும் அந்தத் தொடுபரப்பு நகர நகரக் கோளாறும் வரும், போகும். சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயருக்கும் இது பொருந்தும். பல சிறிய டிராக்டர்களில் அந்த ஒயர் சாவி ஸ்விட்ச், பாதுகாப்பு ஸ்விட்ச் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் சாலினாய்டை அடைகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் குறைந்தால் கடைசியில் இழுக்கும் வலு இருக்காது.

இதை அளக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து சோதிக்க வேண்டும். பேட்டரி விழவில்லை, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை என்றால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டிலும் (கிளாம்பில் அல்ல, தண்டிலேயே), இன்னொன்றை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் குறை. பாசிட்டிவ் தண்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையிலும் இதே சோதனைதான். இதில் முக்கியமான விஷயம், டிராக்டர் நன்றாக எடுக்கும் நேரத்தில் அளந்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது என்பது. மறுக்கும் நிமிடத்தில் அளக்க வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு அந்த நிமிடம் கிடைக்காது, உரிமையாளருக்குத்தான் கிடைக்கும்.

அளக்காமல் பொருளை மாற்றுவதுதான் ஊரில் நடக்கும் வழக்கம். புது பேட்டரி போடுகிறார்கள். போடும்போது டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி முடுக்குவதால் ஒரு மாதம் ஒழுங்காக எடுக்கிறது. பிறகு மறுபடி அதே ‘டக்’. அடுத்து செல்ஃப் மோட்டார், அதற்கடுத்து சாவி ஸ்விட்ச். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். கழற்றிய பழைய பொருள் காயலான் கடைக்குப் போனதும் கோளாறு எங்கே இருந்தது என்பதற்கான சாட்சியமும் போய்விடுகிறது. உத்தரவாதக் காலத்தில் வெளியாளை வைத்து ஒயரை வெட்டி ஒட்டினாலோ, சாவி ஒயரிலிருந்து பாட்டுப்பெட்டிக்கும் கூடுதல் லைட்டுக்கும் கரண்ட் எடுத்தாலோ, அதையே காட்டி உத்தரவாதத்தை மறுக்க டீலருக்கு இடம் கிடைக்கிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. செல்ஃப் எடுக்காதபோது தரையில் நின்றுகொண்டு, ஸ்க்ரூடிரைவரைச் செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே வைத்து ஓட்டுவது சர்வசாதாரணமாகிவிட்டது. அப்படிச் செய்யும்போது கிளட்ச் ஸ்விட்சும் நியூட்ரல் ஸ்விட்சும் இல்லாததற்குச் சமம். கியரில் இருந்தால் டிராக்டர் அந்தக் கணமே நகரும். நிற்பவர் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் நிற்கிறார். தொல்லை தாங்காமல் பாதுகாப்பு ஸ்விட்சின் ஒயரை முறுக்கிவிடுவதும் இதே ஆபத்துதான். ரோட்டவேட்டர் இணைப்பில் இருக்கும்போதே எஞ்சின் எடுக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு சின்னப் பொறியிலும் வெடிக்கும். ஆகவே இன்னொரு பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது கடைசி நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் உலோகத்தில் மாட்ட வேண்டும். விதைப்பு தள்ளிப்போகிறதே, ஒரே ஒருமுறை என்ன ஆகிவிடும் என்பார்கள். அந்த அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஸ்விட்ச் பழுதா என்று அறிய அதன் இரு ஒயரிலும் வோல்ட் அளந்தாலே போதும். உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

இனி சட்டம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. டிராக்டரில் வாடகை உழவு ஓட்டுபவரிடம் ‘நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள், நுகர்வோர் ஆணையம் போக முடியாது’ என்று எதிர்த்தரப்பு வாதிடுவது இதை வைத்துத்தான். இதற்கான விடை நம் மாநிலத்துடன் தொடர்புடைய ஒரு வழக்கில் இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனம் வணிக நோக்கில் வாங்கியதால் நுகர்வோர் அல்ல என்றது. ஆனால் அதே தீர்ப்பில், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்க லேத் வாங்குபவரும் நுகர்வோரே, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று விளக்கியது. இன்றைய சட்டத்திலும் சுயதொழிலால் பிழைப்பவருக்கான விலக்கு இருக்கிறது. ஆகவே தானே ஓட்டும் விவசாயியும் சிறு பட்டறைக்காரரும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் வாசலில் நிற்கலாம். ஆலை வளாகத்துக்காக வாங்கிய கம்பெனிக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியிருக்கும்; 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

மானியத்தில் வாங்கியவர்களிடம் வேறொரு வாதம் வரும்: அரசு சோதித்துச் சான்று கொடுத்த மாடலில் எப்படிக் குறை இருக்கும்? மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் போன்ற இடங்களில் சோதிப்பது மாடலின் மாதிரி வண்டியை. உங்கள் வண்டியில் எர்த் போல்ட் பெயிண்டின் மேல் முடுக்கப்பட்டதா என்பதை அந்தச் சான்று சொல்லாது.

நிரூபிக்கும் பொறுப்புதான் கடினமானது. முழு வண்டியையும் மாற்று என்று கேட்பவர்கள் அநேகமாகத் தோற்கிறார்கள். 2006இல் மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில், உத்தரவாதம் குறையுள்ள பாகத்துக்குத்தான், முழு வண்டிக்கு அல்ல என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 2010இல் ஃபியட் வழக்கில், தனிப்பட்ட தொழில்நுட்ப வல்லுநர் சோதித்து உள்ளார்ந்த உற்பத்திக் குறை உண்டென்று கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று வழி வகுத்தது. ஆக, வல்லுநர் அறிக்கை முக்கியம். சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம். ஆனால் வல்லுநர் வரும் நாளிலும் டிராக்டர் முதல் திருப்பிலேயே எடுத்தால்? அப்போது பேசுவது குறிப்பேடும் ஜாப் கார்டுகளும்தான். தேதி, மணி மீட்டர் எண், எஞ்சின் சூடா குளிர்ச்சியா, எந்தச் சத்தம், அப்போது பேட்டரி வோல்ட் எவ்வளவு, எத்தனையாவது திருப்பில் எடுத்தது. சாவியைத் திருப்பும் கை, கிளட்ச் மிதித்த கால், மீட்டரின் எண் மூன்றும் தெரிய எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். ‘கிளட்சை முழுக்க மிதிக்கவில்லை, டிரைவர் தப்பு’ என்று டீலர் சொல்வது சில சமயம் உண்மையாகவே இருக்கும். அதையும் தீர்ப்பது அந்த வீடியோதான். ‘கோளாறு இல்லை’ என்று எழுதிய ஜாப் கார்டைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். ஒரே புகாருக்கு நான்கு முறை வண்டி வந்ததற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒரு ஒயருக்காக வழக்கா என்று தயங்குபவர்கள் சரியாகவே தயங்குகிறார்கள். வழக்கு கடைசிப் படி. முதலில் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் குறிப்பேட்டின் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சத்துக்கு 200 ரூபாய். மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடைமுறையில் கூடுதலாக இழுக்கும். ஆனால் உங்கள் பக்கம் காலக்கெடு கறார்: வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. வந்து போகும் கோளாறு ‘சரியாகிவிட்டது’ என்ற நம்பிக்கையைக் கொடுத்துக் கொடுத்தே அந்த இரண்டு ஆண்டைத் தின்றுவிடும்.

வயரிங் படம் கையில் இருந்தால் காக்களூரிலேயே எந்த நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனும் இந்தக் கோளாறைத் தேடிப் பிடித்துவிடுவார். அந்தப் படத்தைக் கேட்டுப் பெறும் உரிமைக்கு வெளியே ஒரு முன்மாதிரி உண்டு: அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது. அதன் நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமாக அது இன்னும் மாறவில்லை. அதுவரை, சாவி வாங்கும் நாளிலேயே சர்வீஸ் புத்தகத்தோடு வயரிங் படத்தையும் கேளுங்கள். தர முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.