மார்பகப் புற்றுநோய் மாற்றிடமேறல்

மார்பகப் புற்றுநோய் மாற்றிடமேறல் என்பது, மார்பகத்தில் தோன்றிய புற்றுநோய் உயிரணுக்கள் அருகிலுள்ள இழையங்களை ஊடுருவி, நிணநீர் அல்லது குருதி வழியே பிற உறுப்புகளுக்குச் சென்று புதிய கட்டிகளை உருவாக்கும் நிகழ்வாகும். மருத்துவ வழக்கில் இது மெட்டாஸ்டாசிஸ் எனப்படுகிறது. இந்நோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்பரவலே காரணமாகும்.

ஊடுருவல்

பால் நாளங்களைச் சுற்றி அடித்தள மென்சவ்வு என்னும் மெல்லிய உறை உள்ளது. புற்றுநோய் உயிரணுக்கள் இதற்குள் அடங்கியிருக்கும் நிலை ஊடுருவாத புற்றுநோய் எனப்படும். உறையைக் கடந்த பின்னரே பிற உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு ஏற்படுகிறது.

உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேதரின் என்னும் புரதம் குறையும்போது அவை பிரிந்து நகர முடிகிறது. நுண்மடல் வகைப் புற்றுநோயில் இப்புரதம் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே அதன் உயிரணுக்கள் ஒற்றை வரிசையாக இழையத்துக்குள் நுழைகின்றன; தெளிவான கட்டி கைக்குத் தட்டுப்படாமலும் போகலாம். நாள வகையில் உயிரணுக்கள் கூட்டமாக முன்னேறுவதும் உண்டு.

வழியிலுள்ள உறையையும் கொலாஜன் இழைகளையும் சில நொதிகள் சிதைக்கின்றன. இவற்றில் பல, புற்றுநோயால் தூண்டப்பட்ட அருகிலுள்ள இயல்பான உயிரணுக்களிலிருந்தே சுரக்கின்றன.

பரவலும் குடியேற்றமும்

ஊடுருவிய உயிரணுக்கள் பெரும்பாலும் முதலில் அக்குள் நிணநீர்க்கணுக்களை அடைகின்றன. குருதியில் சேர்பவற்றுள் மிகப்பல அழிந்துவிடுகின்றன. சிலவே எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றில் குடியேறுகின்றன. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், விதை முளைக்க ஏற்ற நிலம் வேண்டியதுபோல இவ்வுயிரணுக்களுக்கும் ஏற்ற உறுப்பு வேண்டும் என 1889-இல் விளக்கினார்.

எலும்பு இதற்குச் சான்றாகும். அங்கு சேர்ந்த புற்றுநோய் உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் கட்டியை மேலும் வளர்க்கின்றன. சில உயிரணுக்கள் பல ஆண்டுகள் உறங்குநிலையில் இருந்து பின்னர் பெருகுவதால், சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பக்கூடும்.

சென்னையில்

நந்தனத்துக்குத் தெற்கே, அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை மக்களிடையே காணப்படும் புற்றுநோய்களைப் பதியும் பதிவேடு 1981 முதல் இங்கு பராமரிக்கப்படுகிறது. தொடக்கத்தில் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. பின்னர் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்தது.

நோய் முற்றிய நிலையில் வருவோர் பலராக இருந்ததால், வேதிச்சிகிச்சை, கதிர்ச்சிகிச்சை ஆகியவற்றால் கட்டியைச் சுருக்கிய பின்னர் அறுவை செய்யும் முறையை மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் இங்கு கையாண்டனர். தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. எனவே வலி வரும்வரை காத்திருப்பது, நோய் உறையைக் கடந்து பரவ இடமளிக்கக்கூடும்.