யாரை நோக்கிப் பிடித்த கருவி?

கைத்தறிப் போர்வைகளாலும், கொடிகாத்த குமரன் பிறந்த மண் என்பதாலும் சென்னிமலைக்கு வாய்த்த கீர்த்தி ஒருபுறமிருக்க, தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று மரபு கூறும் பெருமையும் அவ்வூருக்கு உண்டு. கவசத்தை மனப்பாடமாக ஓதிவிட்டுப் போகாமல் ஒருமுறை நிதானமாகப் படிப்பவர்கள், உடலின் ஒவ்வோர் அங்கத்துக்கும் காவல் வேண்டிய பின்னர், மனிதனை அச்சுறுத்தும் பேய், பூத, பிசாசுகளுக்கு அதில் ஒரு நீண்ட ஜாபிதாவே கொடுக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள். பேய்களை இவ்வளவு நுட்பமாக வகைப்படுத்திய நம் முன்னோர், அவற்றை அளந்து பார்க்க முனையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வேப்பிலையும், திருநீறும், கோடாங்கியின் உடுக்கையும் பேயை விரட்டுவதற்கான சாதனங்களேயன்றி, அது இருக்கிறதா இல்லையா என்று விசாரிப்பதற்கானவை அல்ல. இருக்கிறது என்பதில்தான் ஒருவருக்கும் சந்தேகமில்லையே!

விசாரிப்பதற்கென்று தனியாகக் கருவிகளை ஏந்திக்கொண்டு பாழடைந்த பங்களாக்களுக்குள் நுழையும் வழக்கம் நம் தேசத்துக்குப் புதியது. விமானம் ஓட்டப் பயின்ற கௌரவ் திவாரி என்ற இளைஞர் 2009இல் டில்லியில் இந்தியன் பாராநார்மல் சொசைட்டி என்ற சங்கத்தை நிறுவி, 2016இல் மறையும் வரை தொலைக்காட்சி வாயிலாக அந்தக் கருவிகளை நாடறியச் செய்தார். இன்று யூடியூபில் நள்ளிரவுக் காட்சிகளைப் பதிவேற்றும் தமிழ் இளைஞர்கள் கையிலும் அதே மீட்டர்களும், காமிராக்களும், ஒலிப்பதிவுப் பெட்டிகளுமே காணப்படுகின்றன. அவை உண்மையில் எதை அளக்கின்றன என்பதை மட்டும் பார்ப்பவர்களிடம் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இவற்றுள் பிரசித்தமானது இ.எம்.எஃப். மீட்டர். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் மாறி மாறிப் பாய்வதால் அந்தப் புலமும் அவ்வாறே துடிக்கும். அந்தத் துடிப்பு, மீட்டருக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருளில் ஒரு மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் அளவுக்கேற்பப் பச்சையிலிருந்து சிவப்புவரை விளக்குகள் எரியும். மின்கசிவையும் பழுதான வயரிங்கையும் கண்டறிய இது மிக நல்ல கருவி. சென்னிமலைச் சுற்றுவட்டாரத்தின் விசைத்தறிக் கொட்டகை ஒன்றுக்குள் இதைக் கொண்டுபோய் ஓடுகிற மோட்டாருக்கருகில் பிடித்தால், பட்டப்பகலிலேயே சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிவது ஆவியின் அடையாளம் என்று அங்கே ஒரு தறிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், “ஏனுங் தம்பி, பேய்க்குக் கரண்டு எந்த லைன்ல இருந்துங் வருது?” என்றுதான் அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்தப் பேய் ஆராய்ச்சியாளரிடமும் விடை கிடையாது. ஒரு வெப்பமானியை நம்புகிறோமென்றால், உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் அதை வைத்துப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன அளவு காட்டவேண்டும் என்று முன்னதாகவே நிச்சயித்திருக்கிறோம். மீட்டரை அவ்வாறு சரிபார்ப்பதற்கு, ஐயத்துக்கிடமில்லாத ஒரு பேய் முதலில் கையில் அகப்பட வேண்டுமல்லவா?

ஏனைய கருவிகளின் சங்கதியும் ஏறத்தாழ இதுவே. ஆவி நிற்குமிடத்தில் காற்று குளிர்ந்துபோகும் என்று நம்பி அகச்சிவப்பு வெப்பமானியை நடுக்கூடத்து வெற்றிடத்தில் நீட்டுகிறார்கள். அது காற்றின் வெப்பத்தை அளப்பதேயில்லை, எதிரேயுள்ள சுவரின் மேற்பரப்பு வெளிவிடும் கதிர்களைக் கொண்டு சுவரின் வெப்பத்தையே சொல்லும். படத்தில் மிதக்கும் ஒளி உருண்டைகளை ஆத்மாக்கள் என்று காட்டுகிறார்கள். காமிராவின் லென்சுக்கு மிக அருகில் பறக்கும் தூசியின்மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் விழும், பஞ்சு பறக்கும் தறிக்கொட்டகையிலோ ஒரே படத்தில் எத்தனை ஆத்மாக்கள் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். இன்னொரு காமிரா இருட்டில் யாருமில்லாத நாற்காலியின்மேல் குச்சி மனிதன் ஒருவனை வரைந்து காட்டுகிறது. அது 2010இல் விளையாட்டுக்காக வெளிவந்த கினெக்ட் என்னும் சாதனம். கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளைத் தூவி, அவற்றினிடையே மனித உருவத்தைத் தேடிப் பொருத்துவதே அதற்கு இடப்பட்ட கட்டளை. மனிதனைத் தேடச் சொன்ன யந்திரம், திரைச்சீலையில் மனிதனைக் கண்டால் குற்றம் யந்திரத்தினுடையதன்று.

ஒலிப்பதிவின் கதை சற்றுச் சுவையானது. 1959இல் ஸ்வீடனில் ஃபிரீட்ரிக் யூர்கென்சன் என்பவர் பறவைகளின் குரலை நாடாவில் பதிவுசெய்யப்போய், அதில் மனிதக் குரல்கள் கேட்பதாகச் சொன்னார். அவரைப் பின்பற்றிய கான்ஸ்டான்டின் ராவ்டிவ், ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேகரித்து ஒரு நூலே எழுதிவிட்டார். கைத்தறியின் தாளத்தை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த குழந்தைகள், அது தங்கள் பெயரைச் சொல்லி அழைப்பதாக நினைப்பதுண்டு. இரைச்சலிலிருந்து சொற்களைப் பொறுக்கியெடுப்பது நம் செவிக்கும் மூளைக்கும் பிறவிக்குணம். பதிவைப் போடுவதற்கு முன்பே, ‘இங்கே இன்ன வார்த்தை கேட்கும்’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டால், அது கேட்காமல் போவதுதான் ஆச்சரியம்.

இவ்வளவு சொன்னதால் இத்துறையில் கருவிக்கே இடமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மிகச் சிறந்த கருவி ஒன்றை 1853ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே செய்துவிட்டார். சிலர் வட்டமாக அமர்ந்து மேசைமேல் கைவைத்தால் ஆவியின் வலிமையால் மேசை தானே நகரும் என்ற மோகம் அப்போது லண்டன் முழுவதையும் ஆட்டிவைத்தது. ஃபாரடே ஆவியைத் தேடவில்லை. கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, அவற்றிடையே எளிதில் வழுக்கிக்கொடுக்கும் பசையை வைத்து, எது முதலில் நகருகிறது என்று பார்த்தார். மேசை கைகளை இழுத்துச் சென்றிருந்தால் அடியிலுள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும், முந்தியதோ மேலட்டை. பிறகு, கை அசைந்தால் உடனே அசைந்து காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தி, அமர்ந்திருந்தோர் பார்வையில் படும்படி வைத்தபோது, மேசை நகருவதே நின்றுபோயிற்று. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தங்கள் தசைகள் தங்களையறியாமலே தள்ளுவதை அந்த முள் காட்டித்தான் அறிந்துகொண்டார்கள். ஆவியை நோக்கி நீட்டாமல் மனிதனை நோக்கித் திருப்பியதாலேயே அந்தக் கருவி வென்றது.

இந்த நுட்பத்தைப் பாதி அறிந்தவர் ஆங்கிலேயப் பேய் ஆராய்ச்சியாளரான ஹாரி பிரைஸ். அவருடைய பெட்டியில் காலடி ஓசையெழாத ஃபெல்ட் மேற்காலணிகள், அளவுநாடா, கதவுகளுக்கு முத்திரையிட நாடாவும் ஈயமும், சாக்குக்கட்டி, மின்மணிகள், நிலத்தின் அதிர்வை உணர ஒரு கிண்ணம் பாதரசம், யாராவது மூர்ச்சையானால் தெளிவிக்கக் கொஞ்சம் பிராந்தி எல்லாம் இருந்தன. பிராந்தியைத் தவிர ஏனையவற்றில் பெரும்பாலானவை உயிரோடிருப்போரின் தில்லுமுல்லைப் பிடிப்பதற்கானவை என்பதைக் கவனித்தால், பிரைஸின் சாமர்த்தியம் விளங்கும். 1937இல், பேய்வீடென்று பேசப்பட்ட, போர்லி என்ற கிராமத்துப் பாதிரியார் மாளிகையை ஓராண்டு வாடகைக்கு எடுத்து, பார்வையாளர்களை முறைவைத்துக் காவலிருக்கச் செய்தார். ஆனால் அவர் காலமான பின் 1956இல் மூவர் வெளியிட்ட ஆய்வறிக்கை, அங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட சில நிகழ்ச்சிகளில் பிரைஸின் கையே புகுந்திருக்கலாம் என்று குற்றஞ்சாட்டியது. அத்தனை முத்திரைகளில் ஒன்றையாவது அவர் தமக்கு இட்டுக்கொள்ளவில்லை.

தற்செயலாகக் கருவியானவையும் உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துப் பொறியாளரான விக் டாண்டி, தாம் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தில் இரவில் இனந்தெரியாத அச்சத்தையும், கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் ஒன்றையும் கண்டார். மறுநாள், வாட்போட்டிக்குரிய தமது மெல்லிய வாளைப் பழுதுபார்ப்பதற்காக வைஸில் இறுக்கியபோது, தொடாமலே அதன் முனை துடித்தது. தேடிப் பார்த்ததில், புதிதாகப் பொருத்திய காற்றுப்போக்கி விசிறி, செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வு என்ற கணக்கில், அறையெங்கும் நிரப்பியிருந்தது தெரியவந்தது. 1998இல் அவர் வெளியிட்ட இந்த விளக்கம் எல்லாப் பேய்வீடுகளுக்கும் பொருந்துமென்று நான் நம்பவில்லை. ஆனால் பயந்தவர் ஓடிப்போகாமல் விசிறியைத் தேடினார் என்பது சாமான்யமன்று. 1921இல் ஓர் அமெரிக்கக் கண்மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த வரலாறு இதனினும் பயங்கரமானது: வீட்டில் காலடியோசையும் உருவங்களும் கண்டு நடுங்கிய ஒரு குடும்பத்தை உண்மையில் வாட்டியது, பழுதான அடுப்புலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியடுப்பை மூட்டிக் கதவடைத்து உறங்குவோரின் உயிரைக் குடிப்பதும் இதே வாயுதான். பேய்வீட்டுக்கு ஒரே ஒரு கருவி கொண்டுபோகலாமென்றால், நான் இந்த வாயுவைக் காட்டும் கருவியைத்தான் கொண்டுபோகச் சொல்வேன்.

நம் கொங்கு மண்ணிலேயே, கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த், அற்புதங்கள் என்று சொல்லப்பட்டவற்றை ஆராய்வதில் ஆயுளைச் செலவிட்டார். 1988 முதல் ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ என்ற ஆங்கில மாத இதழை நடத்திய அவருடைய பையில் மீட்டர் எதுவும் இல்லை. கற்பூரமும், நூலும், சில ரசாயனங்களுமே இருந்தன. தீக்குச்சி இல்லாமல் தீ பற்றுவதாகச் சொன்னால், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரினைச் சேர்த்து அவரும் பற்றவைத்துக் காட்டுவார். அவருக்கு முன்னோடியான ஏபிரகாம் கோவூர், திருவல்லாவில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராயிருந்தவர். இலங்கையில் கல் விழும் வீடுகளை விசாரித்து, கல்லெறிவது அவ்வீட்டிலேயே மனக்கவலையுற்ற ஒருவர் என்று கண்டு, அவரைப் பேச்சாலும் மனோவசியத்தாலும் தேற்றுவதையே சிகிச்சையாகக் கொண்டார். அமானுஷ்ய சக்தியை மோசடியற்ற நிலைமையில் நிரூபிப்பவர்க்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு என்று 1963இல் கோவூர் அறிவித்தார். 1978இல் அவர் மறைந்தபின் பிரேமானந்தும் அவ்வாறே பரிசு அறிவித்து, 2009இல் தாம் மறையும் வரை காத்திருந்தார். சவாலில் சொல்லியிருந்த சோதனைகளுள் ஒன்றுக்குத் தேவைப்பட்ட உபகரணம் ஒட்டிய உறையும் அதற்குள் ஒரு ரூபாய் நோட்டும் மட்டுமே. உறையைப் பிரிக்காமல் நோட்டின் எண்ணைப் படித்தால் போதும். அந்தப் பரிசை ஒருவரும் பெறவில்லை.